உசாத்துணை காட்டல்

வன்னி நிலத்திலே, ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடு என்றோர் ஊர் உண்டு. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆம் நாளன்று கப்டன் வொன் டிறிபேக் என்னும் படைத்தலைவர் பண்டாரவன்னியனை அவ்விடத்தே தோற்கடித்தார் என்ற செய்தியை ஆங்கிலத்திற் பொறித்து அவ்வூரில் ஒரு கல் நாட்டப்பட்டது. பொறித்த சொற்கள் சிலவே. ஆயினும் வன்னியின் வரலாற்றை எழுத முற்படும் மாணாக்கருக்கு அக்கல் ஒரு நல்லாசிரியனாக விளங்கத் தக்கது. அது எவ்வாறு என்பதை நேயர்கள் சற்றுச் சிந்தித்தல் நன்று.

உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவர் பண்டாரவன்னியனைப் பற்றித் தனித்தனியே ஆய்வுக் கட்டுரை எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 என்ற நாளைப் பெரிதாக எழுதுகின்றான். மற்றவன் அதே ஆண்டு ஒக்டோபர் 31 என்ற நாளைப் பெரிதாக எழுதுகின்றான். இரண்டனுள் எது சரி என்று ஆசிரியர் வினவினால், ‘புத்தகத்திலே கிடந்தது’ என்கின்றான் முன்னவன். ‘எல்லாரும் சொல்லுகிறார்கள்’ என்கின்றான் பின்னவன். உண்மையில் இரண்டு நாள்களும் தத்தமக்குரிய இடத்திற் பொருந்துவனவே. முன்னையது முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையை வன்னியன் கைப்பற்றிய நாளாக நினைவுகூரப்படுவது. பின்னையது அவன் தோல்வியுற்றதாகக் கல்லிற் பொறிக்கப்பட்ட நாள். இருவரும் தத்தம் செய்தியை எங்கிருந்து எடுத்தனர் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த மயக்கம் எழுந்திராது. எழுதாமையினாலே, இரண்டு உண்மைகள் ஒன்றையொன்று பொய்யாக்குவனபோலத் தோன்றின. அந்த ஒரு வரிக்குப் பெயர்தான் உசாத்துணை.

உசாத்துணை என்ற சொல்லின் அழகை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உசாவுதல் என்றால் வினவுதல், கலந்து ஆராய்தல். ஆகவே, ஐயம் எழுந்தவிடத்துச் சென்று கேட்டற்குரிய துணையே உசாத்துணை. பாடசாலைகளில் இச்சொல் கட்டுரையின் கடைசிப் பக்கத்திலே ஐந்தாறு நூற்பெயர்களை அடுக்குதல் என்ற அளவிலே சுருங்கிவிட்டது. அப்பெயர்களுட் சிலவற்றை மாணாக்கன் கண்ணாலும் கண்டிருக்கமாட்டான். முந்திய ஆண்டு மாணாக்கன் எழுதியதை இவன் எழுதுவான். இவன் எழுதியதை அடுத்த ஆண்டு மற்றொருவன் எழுதுவான். கேட்டறியப்படாத துணை துணையாகாது. எந்தச் செய்தி எந்த நூலில் எந்தப் பக்கத்திலே உள்ளது என்று காட்டாத பட்டியல், வீட்டிலக்கம் எழுதாமல் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிய கடிதம் போன்றது.

சான்று காட்டும் வழக்கம் மேல்நாட்டார் கொணர்ந்து தந்தது என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. தொல்காப்பியனார் தம் காலத்துக்கு முந்திய புலவரின் கருத்தைச் சொல்லுமிடந்தோறும், இஃது அவர் கூற்று என்று குறிப்பால் உணர்த்திச் செல்கின்றார். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் தாம் கூறும் பொருளுக்குப் பழம் பாடல்களை மேற்கோளாக எடுத்துக் காட்டினர். ஆயினும் மேற்கோள் எந்த நூலுக்குரியது என்பதைப் பலவிடங்களில் அவர்கள் சொல்லாமலே விட்டனர். கற்றோர் அனைவரும் அப்பாடல்களை அறிந்திருந்த காலம் அது. காலம் மாறிற்று, அறிந்தோர் குறைந்தனர். பிற்காலத்தில் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு மேற்கோளும் எந்நூலுக்குரியது என்று தேடித் தேடி அடிக்குறிப்பு எழுத நேர்ந்தது. உரையாசிரியர் ஒரு சொல்லால் முடித்திருக்கக்கூடிய வேலை, பல நூற்றாண்டு கழிந்தபின் மற்றொருவருக்கு மாதக்கணக்கான உழைப்பாயிற்று.

ஈழநாட்டிலே இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி, மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலை என்ற உரைநடை நூலை இயற்றினார். அதன் தொடக்கத்திலேயே, தாம் எவ்வெந் நூல்களைத் தழுவி எழுதினார் என்பதைப் புலவர் தெரிவித்திருக்கின்றார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அந்நூல்கள். இவற்றுள் வையாபாடல் வன்னிக்கு மிக நெருங்கியது. அடங்காப்பற்று என்று வழங்கிய இந்நிலத்திலே வன்னியர் குடியேறிய வரலாற்றைப் பேசுவது. கைலாயமாலையும் வையாபாடலும் இன்று அச்சிலே கிடைக்கின்றன. ஏனைய இரண்டும் மறைந்துபோயின.

மறைந்த நூல்களின் பெயர்களை இன்று எவ்வாறு அறிய முடிகின்றது? புலவர் சொல்லி வைத்ததனால் அன்றோ! அவர் அப்பெயர்களை எழுதாது விட்டிருந்தால், பரராசசேகரன் உலா என்று ஒரு நூல் இருந்ததென்பதையே பிற்காலத்தார் அறியாது போயிருத்தல் கூடும். மேலும், கிடைக்கின்ற இரண்டு நூல்களையும் வைபவமாலையையும் ஒருங்கே வைத்து, எதைப் புலவர் முன்னூல்களிலிருந்து எடுத்தார், எதை மாற்றினார் என்று ஒப்பிட்டு நோக்க இன்றைய ஆராய்ச்சியாளரால் முடிகின்றது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்ற நூலை வெளியிட்டு, வைபவமாலையின் கூற்றுகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியிலே புலவருடைய கூற்றுகள் பல ஐயத்துக்குள்ளாயின. ஆயினும் புலவரின் பெருமை அதனாற் குன்றவில்லை. ‘இன்ன இடத்திலிருந்து எடுத்தேன், வேண்டுமாயின் ஆராய்ந்து பார்’ என்று சொல்லும் நேர்மையே ஒரு நூலைப் பிற்காலத்தார்க்குப் பயன்படச் செய்வது. தமிழகத்தில் மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட மறைந்துபோன தமிழ் நூல்கள் என்ற பெருநூலுக்கும் அடிப்படை இதுவே. பழைய உரைகளிலே பெயராகவும் மேற்கோளாகவும் எஞ்சிய துணுக்குகளைத் திரட்டியே, அழிந்த நூல்கள் இவை என்று அவர் காட்டினார்.

ஆகவே சான்று காட்டுதலால் விளையும் பயன் மூன்று எனலாம். பிறருடைய உழைப்பை அவருக்கே உரிமையாக்குவது ஒன்று. எழுதியதைப் படிப்பவர் தாமே சென்று சரிபார்க்க வழி விடுவது இரண்டு. மூலம் அழிந்தாலும் அதன் சுவடு அழியாமற் காப்பது மூன்று. முதற் பயனை மட்டும் சொல்லி, ‘களவு செய்யாதே’ என்று மாணாக்கரை அச்சுறுத்துவது பெரும்பாலான வகுப்பறைகளின் வழக்கம். மற்றை இரண்டையும் எடுத்துச் சொன்னால் மாணாக்கர் அச்சத்தினாலன்றி ஆர்வத்தினாலே உசாத்துணை எழுதப் பழகுவர்.

இனி, எதற்குச் சான்று வேண்டும், எதற்கு வேண்டா என்பதைப் பார்க்கலாம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டப்பட்டது என்பதற்குச் சான்று தேட வேண்டுவதில்லை. கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அக்குளம் இத்தனை ஏக்கர் அடி நீர் கொள்ளும் என்று எழுதினால் உடனே சான்று வேண்டும். ஏனெனில் அக்குளத்தின் அணைக்கட்டு ஒரு முறையன்று, பன்முறை உயர்த்தப்பட்டது. கட்டு உயர உயரக் கொள்ளளவும் மாறிற்று. பழைய அறிக்கையில் ஓர் எண் இருக்கும். புதிய அறிக்கையில் வேறோர் எண் இருக்கும். இரண்டும் அந்தந்தக் காலத்துக்குச் சரியானவையே. எந்த ஆண்டின் எந்த அறிக்கை என்று குறியாமல் எண்ணை மட்டும் எழுதும் மாணாக்கன், கமக்காரன் ஒருவனிடம் அகப்பட்டால் நகைப்புக்கு இடமாவான். எனவே எண்கள், நாள்கள், பிறர் கருத்துகள், பிறர் சொற்கள், வாதத்துக்குரிய செய்திகள் ஆகிய ஐந்துக்கும் தவறாது சான்று காட்டுதல் வேண்டும். ஊரறிந்த பொதுச் செய்திக்கு வேண்டுவதில்லை. ஐயமாயின் காட்டிவிடுதலே நலம். மிகையாகக் காட்டிய சான்றினாற் கெட்ட கட்டுரை இல்லை.

அடுத்து, எவ்வாறு காட்டுவது? நூல் ஒன்றைக் குறிக்கும்போது ஐந்து வினாக்களுக்கு விடை எழுதினாற் போதும். எழுதியவர் யார்? நூலின் பெயர் என்ன? எங்கே, யார் வெளியிட்டனர்? எந்த ஆண்டு? எந்தப் பக்கம்? இவ்வைந்தும் நூலின் முகப்பிலும் அதன் பின்பக்கத்திலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழந்தமிழ் நூலாயின் பதிப்பாசிரியர் பெயரும் இன்றியமையாதது. வையாபாடலை க. செ. நடராசா பதிப்பிக்க, 1980இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அதற்கு முன்னரும் அந்நூல் அச்சாகியிருந்தது. பதிப்புக்குப் பதிப்புப் பாட வேறுபாடும் எண் வேறுபாடும் உண்டு. ஆதலின் ‘வையாபாடலில் உள்ளது’ என்று எழுதுவது பாதி வழி காட்டுவதே. எந்தப் பதிப்பு, எத்தனையாம் செய்யுள் என்றும் சேர்த்து எழுதினால்தான் வழி முழுமை பெறும்.

இவ்விவரங்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதற்கு உலகிலே பல முறைகள் உள்ளன. சிக்காகோ பல்கலைக்கழக அச்சகம் 1906இல் தன் விதிநூலை வெளியிட்டது. அமெரிக்க உளவியலார் 1929இல் தம் துறைக்கெனச் சில பக்கங்களில் விதி வகுத்தனர். ஒரு முறையார் ஆண்டை ஆசிரியர் பெயருக்கு அருகில் வைப்பர். மற்றொரு முறையார் ஈற்றில் வைப்பர். பக்கத்தின் அடியிலே குறிப்பெழுதுவாரும் உண்டு. நூலின் முடிவிலே தொகுப்பாரும் உண்டு. எட்வேட் கிப்பன் உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய தம் நூலின் முதற்பகுதியை 1776இல் வெளியிட்டபோது குறிப்புகள் யாவும் கடைசியில் இருந்தன. அடிக்கடி பின்பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கின்றது என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் குறைகூறவே, பின்வந்த பதிப்பில் அவை பக்க அடிக்கு வந்தன. படிப்பவருக்கு எது எளிதோ அதுவே சிறந்த முறை என்பது இதனாற் புலனாகும். பாடசாலையோ பல்கலைக்கழகமோ எந்த முறையைக் கேட்கின்றதோ அதனைக் கைக்கொள்ளலாம். கைக்கொண்ட முறையை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மாற்றாதிருத்தலே முக்கியம்.

மாணாக்கர் அதிகமாக வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்திலே ஒரு கைந்நூல் வெளியிட்டார். வன்னியின் குளங்கள், ஊர்கள், மக்கள் வழக்கங்கள், பழைய ஆட்சிமுறை என்பவற்றைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதனைத் தேடிச் செல்கின்றனர். லூயிஸ் தமக்கு முந்தியோரின் எழுத்துகளையும் பயன்படுத்தினார். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியை நிருவகித்த நாகல் என்பவரின் கூற்றுகளும் அவற்றுள் அடங்கும். லூயிசின் நூலிலே நாகலின் கூற்றைப் படித்த மாணாக்கன், தன் கட்டுரையில் ‘நாகல் கூறுகின்றார்’ என்று மட்டும் எழுதிவிடுகின்றான். அவன் நாகலின் எழுத்தைக் கண்டவனல்லன். ஒல்லாந்த மொழியும் அறியான். லூயிஸ் தவறாக எடுத்திருந்தால், அல்லது சுருக்கியிருந்தால், அந்தப் பழி நாகலின் தலையில் விழும். ‘நாகல் கூற்று, லூயிஸ் நூலிற் கண்டவாறு’ என்று எழுதுவதே நேர்மையான வழி. இவ்வாறு எழுதுவதால் கட்டுரையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று மாணாக்கர் அஞ்சுகின்றனர். தேர்ந்த ஆசிரியரோ, இவன் தான் கண்டதையும் காணாததையும் பிரித்தறிந்தவன் என்று மதிப்பெண்ணைக் கூட்டியே இடுவார்.

மற்றொரு வழுக்கலும் உண்டு. நூலிலுள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோட் குறி இட வேண்டும் என்பதைப் பலர் அறிவர். சில சொற்களை மாற்றிவிட்டாற் குறியும் வேண்டா, சான்றும் வேண்டா என்று எண்ணிவிடுகின்றனர். ‘போரிட்டான்’ என்பதைச் ‘சமர் புரிந்தான்’ என்று மாற்றுவதனால் கருத்து மாணாக்கனுக்குச் சொந்தமாகிவிடாது. மாட்டின் குறியை மாற்றிச் சுட்டாலும் மாடு அயலான் பட்டிக்குரியதே என்பது வன்னியிலே மாடு வளர்க்கும் எவரும் அறிந்த நியாயம். நூலை மூடி வைத்துவிட்டு, விளங்கியதைத் தன் நடையில் எழுதி, பின்னர் நூலைத் திறந்து சரிபார்த்து, இறுதியிலே சான்றும் எழுதுவதே நன்முறை.

சான்று காட்டினாற் போதாது. அது எத்தகைய சான்று என்பதையும் எடைபோடுதல் வேண்டும். பண்டாரவன்னியனைப் பற்றி முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய நாடகம் உண்டு, மு. கருணாநிதி எழுதிய ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்ற புதினமும் உண்டு. நாடகத்திலும் புதினத்திலும் வரும் உரையாடல்கள் ஆசிரியரின் கற்பனை. அவற்றை எடுத்து, ‘வன்னியன் இவ்வாறு முழங்கினான்’ என்று வரலாற்றுக் கட்டுரையில் எழுதுவது பொருந்தாது. ஆனால், தமிழர் அவனை எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதே கட்டுரையின் பொருளாயின், அந்நாடகமும் புதினமுமே முதன்மையான சான்றுகள். ஒரே நூல் ஒரு வினாவுக்குச் சான்றாகாது. மற்றொரு வினாவுக்குச் சிறந்த சான்றாகும்.

கற்சிலைமடுக் கல்லும் அத்தகையதே. அது வென்றவர் பக்கத்துச் செய்தி. தோற்றவர் கல் நாட்டுவதில்லை. ஆகவே அக்கல்லைச் சான்றாகக் காட்டும் மாணாக்கன், அஃது ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டது, ஆங்கிலேயர் படையின் வெற்றியைக் குறிப்பது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவ்வாறு எழுதினால் அந்தச் சில சொற்கள் நாளை மட்டுமன்றி, அதனைச் சொன்னவர் நின்ற இடத்தையும் காட்டிவிடும். தொடக்கத்திற் கூறிய மாணாக்கர் இருவருக்கும் அக்கல் கற்பிக்கும் பாடம் இதுவே.

இதுகாறும் எழுத்துச் சான்றுகளைப் பற்றியே கூறப்பட்டது. வன்னியிலோ எழுதப்படாத சான்றுகளே மிகுதி. எந்தக் குளத்தின் கீழ் எந்தக் குடும்பம் முதலில் வயல் வெட்டியது, வற்றாப்பளையிலே பொங்கலுக்கு எந்த வழியாக மக்கள் நடந்து சென்றனர், இடம்பெயர்ந்த காலத்திலே பாடசாலை எந்த மரநிழலில் நடந்தது என்பனவெல்லாம் முதியோர் நெஞ்சிலே இருக்கின்றன. அவர்களிடம் கேட்டு எழுதும் மாணாக்கன், ‘முதியோர் கூறுவர்’ என்று பொதுவாக முடித்துவிடுவது பெருங்குறை. நூலாசிரியர் பெயரைக் குறிப்பது கடமையாயின், அப்பு ஆச்சியின் பெயரைக் குறிப்பதும் கடமையே. யார் சொன்னார், அவர் வயது என்ன, எவ்வூரில், எந்நாளிற் சொன்னார், தாம் கண்டதைச் சொன்னாரா, பிறர் சொல்லக் கேட்டதைச் சொன்னாரா என்ற விவரங்களை அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். கண்டது வேறு, கேட்டது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் சான்றின் வலிமை கெடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. போரையும் இழப்பையும் கண்ட மண் இது. சொல்பவர் தம் பெயரை எழுத விரும்பாதிருக்கலாம். ‘ஆச்சி, உங்கடை பேரைப் போடலாமோ?’ என்று முன்னரே கேட்டு, அவர் வேண்டாமென்றால் விட்டுவிடுதல் வேண்டும். அப்போது ‘பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்’ என்று எழுதி, ஊரைப் பொதுவாகவும் நாளைத் திட்டமாகவும் குறிக்கலாம். சான்று காட்டுதல் உண்மையைக் காக்கும் பொருட்டே. உண்மை சொன்னவருக்கு இடர் விளைவிக்கும் பொருட்டன்று. எழுதி முடித்தபின் அப்பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்பது இன்னும் சிறந்தது. எழுத்து வாசனை இல்லாதவருக்கும் தம் சொல் எவ்வாறு பதிவாகின்றது என்று அறியும் உரிமை உண்டு.

இக்காலத்து மாணாக்கர் நூலகத்தைவிட இணையத்தையே பெரிதும் நாடுகின்றனர். அதிலும் நன்மை உண்டு. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் ஆயிரக்கணக்கிற் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. முல்லைத்தீவின் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டே அவற்றைப் படிக்கலாம். அங்ஙனம் படித்ததை எழுதும்போதும் நூலின் ஐந்து விவரங்களையும் எழுதி, எந்தத் தளத்தில் எந்நாளிற் பார்த்தது என்பதையும் சேர்த்தல் வேண்டும். இணையப் பக்கங்கள் மாறும். சில மறைந்தும் போகும். ஆதலின் பார்த்த நாள் இன்றியமையாதது. ஆசிரியர் பெயரில்லாத பக்கம் ஒன்றிலே செய்தி கிடைத்தால், அதனை முடிவாகக் கொள்ளாது, மூலத்தைத் தேடும் தொடக்கமாக மட்டுமே கொள்ளல் தகும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். அவற்றிடம் உசாத்துணைப் பட்டியல் கேட்டால், ஒரு நொடியில் அழகான பட்டியல் வரும். ஆசிரியர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், பக்க எண்ணும் இருக்கும். தேடிப் பார்த்தால், அவற்றுட் சில நூல்கள் எந்த நூலகத்திலும் இல்லாதனவாகவும், எவராலும் எழுதப்படாதனவாகவும் இருத்தல் கூடும். பிறர் நூலைக் களவு செய்வதினும் இல்லாத நூலைச் சான்று காட்டுவது கொடிது. முன்னது ஒருவருடைய உரிமையைப் பறிப்பது. பின்னது படிப்பவர் அனைவரையும் இல்லாத ஊருக்கு அனுப்புவது. தன் கையால் தொட்டுத் தன் கண்ணால் பார்த்த பக்கத்தை மட்டுமே சான்றாகக் காட்டுவது என்ற ஒரு விதியை மாணாக்கன் கடைப்பிடித்தால், எத்தனை கருவிகள் வந்தாலும் அவன் வழிதவறான்.

வன்னி மாணாக்கருக்கு இவற்றை இத்துணை வற்புறுத்துவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதனவும் அவற்றுள் இருந்தன. அந்நூலகத்திற் பயின்ற ஆராய்ச்சியாளர் தம் அடிக்குறிப்புகளிலே எழுதி வைத்த பெயர்களும் பக்கங்களுமே, அழிந்தவற்றுட் சிலவற்றுக்கு இன்று எஞ்சிய அடையாளம். பின்னர் நேர்ந்த இடப்பெயர்வுகளிலும், 2009இல் முடிவுற்ற இறுதிப் போரிலும், வன்னியின் பாடசாலைப் பதிவேடுகள், காணி உறுதிகள், கோயிற் கணக்குகள், குடும்பக் கடிதங்கள், ஒளிப்படங்கள் என்பன எண்ணிறந்து அழிந்தன. நாட்டின் பிற பகுதிகளிலே மாணாக்கன் ஒருவன் சான்று காட்ட மறந்தால், மற்றொருவன் சென்று தேடி எடுத்துக்கொள்வான். வன்னியிலே அவ்வாறு தேடுவதற்கு இரண்டாம் படி இல்லாதிருக்கலாம். இன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் ஆச்சியிடம் கேட்டு, பெயரும் நாளும் குறித்து எழுதி வைக்கும் ஒரு பக்கமே, நாளை அவ்வூரின் வரலாற்றை எழுத வருபவருக்குக் கிடைக்கும் ஒரே சான்றாக அமைதல் கூடும்.

வவுனியாவிலே 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் அமைந்துள்ளன. வன்னிப் பிள்ளைகள் ஆராய்ச்சி செய்வதற்கு வாயில்கள் திறந்தபடி உள்ளன. அவ்வாயிலுக்குச் செல்லுமுன்னரே பாடசாலையில் ஒரு சிறு பழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளலாம். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும், குறிப்பு எழுதுவதற்கு முன்னதாகவே, நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் எழுதிவிடுவதே அப்பழக்கம். பிறகு எழுதலாம் என்று விட்டவன் பரீட்சைக்கு முதல் நாள் நூலகம் நூலகமாக அலைவான். முன்னரே எழுதியவனோ நிம்மதியாகத் துயில்வான். இதற்குச் செலவு ஒரு நிமிடமும் ஒரு துளி மையுமே.

காட்டு வழியே முதலில் நடந்து செல்பவன் பின்வருவோருக்காக மரக்கிளையை முறித்து அடையாளம் இட்டுச் செல்வது பழைய வழக்கம். அந்தக் கிளை அவனுக்குப் பயன்படுவதில்லை. அவன் வழியை அறிந்தவன். பின்வருபவன் அவன் பெயரையும் அறியான். ஆயினும் அந்த அடையாளத்தை நம்பிக் காட்டைக் கடக்கின்றான். மயில்வாகனப் புலவர் நான்கு நூல்களின் பெயரைச் சொல்லி அத்தகைய அடையாளம் இட்டுச் சென்றார். அவ்வழியே நடந்து வருகின்ற வன்னி மாணாக்கரும் தத்தம் கட்டுரையிலே ஒவ்வோர் அடையாளம் இட்டுச் செல்வாராக.